தொலைவில் ஒரு முறைமை, அருகில் ஒரு பிரதி

கணினியின் வன்பொருள்களை ஒழுங்காக இயக்கி, பயனர் இடும் கட்டளைகளை ஏற்று, ஏனைய மென்பொருள்கள் யாவும் இயங்குவதற்கு அடித்தளமாக இருப்பதைப் பணிசெயல் முறைமை என்பர். விண்டோஸும் லினக்ஸும் இவ்வகையின. பலரும் அறிந்த வழக்கப்படி, இம்முறைமை இறுவட்டிலோ பென்டிரைவிலோ கொண்டுவரப்பட்டுக் கணினியின் உள்ளிருக்கும் வன்தட்டில் எழுதப்படுகிறது. எழுதி முடிந்தபின் அந்தக் கணினிக்கும் முறைமை வந்த மூலத்துக்கும் இடையே பெரிதாக எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்றால் இது போதும். ஆனால் ஒரு பாடசாலையின் கணினிக்கூடத்தில் இருபது முப்பது கணினிகள் இருக்கும்போது, ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆசிரியர் அமர்ந்து, மொழியையும் நேர வலயத்தையும் தெரிவுசெய்து, தமிழ் எழுத்துருக்களையும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் தனித்தனியே சேர்த்து முடிக்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் ஒன்றில் எழுத்துரு காணாமற்போகும், இன்னொன்றில் வைரஸ் புகுந்துவிடும், வேறொன்றில் யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிடுவார்கள். இருபது கணினிகளும் இருபது விதமாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்குச் சில பல்கலைக்கழகங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விடை கண்டன. முறைமையை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக வைக்காமல், வலையமைப்பின் வழியே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகத் தெரியும் ஒரு கோப்புக் களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்தே நிறுவுவதும் அங்கிருந்தே இயக்குவதும்தான் அந்த விடை. கோப்புகள் பல சேவையகங்களில் பிரிந்து கிடந்தாலும், பயனருக்கு அவை யாவும் தம் கணினியிலேயே ஒரே அடைவு அமைப்புக்குள் இருப்பனவாகத் தோன்றச் செய்யும் இத்தகைய களஞ்சியத்துக்குப் பரவல் கோப்பு முறைமை என்று பெயர்.

இந்த விடை அரியாலை போன்ற ஓர் ஊருக்குப் பொருந்துமா என்பது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வினா அன்று. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பில், கடனீரேரியை ஒட்டிக் கிடக்கும் அரியாலையின் ஊடாகவே கண்டி வீதி எனப்படும் ஏ-9 பாதையும் வடக்கு ரயில் பாதையும் நகருக்குள் நுழைகின்றன. குடாநாட்டுக்குத் தரைவழியே வரும் பொருள்களில் பெரும்பகுதி இவ்வூரைத் தாண்டியே போகிறது. 1990இன் பின்னர் 2002 வரையிலும், மீண்டும் 2006 ஓகஸ்ட் முதல் போர் முடியும் வரையிலும் அந்தப் பாதை மூடப்பட்டிருந்ததையும், நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரிலேயே மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததையும், 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும் கண்ட ஊர் இது. இங்கே ஒரு தொழில்நுட்பத்தைப் பரிந்துரைப்பவர், இணைப்பு நன்றாக இருக்கும்போது அது எவ்வளவு வேகமாக இயங்கும் என்று விளக்குவதற்கு முன், இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பரவல் கோப்பு முறைமைகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வினாவுக்கு விடை தேடியே நகர்ந்திருக்கிறது. அவ்விடையைத் தேடியவர்களுள் முன்நின்ற ஒருவர் சென்னையில் படித்தவர்.

வன்தட்டில் எதுவுமே இல்லாத ஒரு கணினி வலையமைப்பின் வழியே எழுந்து நிற்பது எப்படி என்பதை முதலில் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. மின்னாளியைப் போட்டதும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு நிரல் நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, துவக்குவதற்குரிய வன்தட்டு எதுவும் இல்லை என்று கண்டால், கட்டுப்பாட்டை வலையமைப்பு அட்டையிடம் ஒப்படைக்கிறது. அந்த அட்டையின் ஓரத்தில் உள்ள சிறு பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கும் அக்கணத்தில், கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது, சேவையகத்தின் முகவரியும் தெரியாது. ஆகவே அது 255.255.255.255 என்னும் பொது முகவரிக்கு, அந்த வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, தனக்கு ஒரு முகவரி தருவார் உண்டா என்று ஒரு செய்தியை அனுப்புகிறது. டி.எச்.சி.பி. எனப்படும் முகவரி வழங்கும் சேவை இதற்கு விடையாக ஒரு முகவரியையும், துவக்கக் கோப்பு இருக்கும் சேவையகம் எது, அக்கோப்பின் பெயர் என்ன என்பனவற்றையும் சேர்த்துத் தருகிறது. இந்த உரையாடலின் ஒழுங்கை இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் பி.எக்ஸ்.ஈ. என்ற பெயரில் வரையறுத்தது; மேசைக் கணினிகளின் வலையமைப்பு அட்டைகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இன்று உண்டு.

அடுத்து, 1981இல் வகுக்கப்பட்ட ரி.எவ்.ரி.பி. என்னும் மிக எளிய கோப்பு மாற்ற நெறிமுறையின் வழியே துவக்கக் கோப்பு வந்து சேர்கிறது. ஒரு தடவைக்கு 512 பைட் அனுப்பி, அது கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட்டை அனுப்பும் இந்த நெறிமுறை, துண்டுகளுக்கு 16 பிட் எண்ணால் இலக்கமிடுவதால், அதன் தொடக்க வடிவில் ஏறத்தாழ 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது. கடவுச்சொல்லும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. இத்தனை எளிமையாக இருப்பதற்குக் காரணம், இது வலையமைப்பு அட்டையின் மிகச் சிறிய நிலை நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருந்தமையே. எனவே முழு முறைமையையும் இதன் வழியே கொண்டுவருவதில்லை. முறைமையின் மையமான கருவையும், தேவையான சாதன இயக்கிகளைக் கொண்ட ஒரு சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதியையும் மட்டும் கொண்டுவந்து நினைவகத்தில் ஏற்றுகிறார்கள். கரு இயங்கத் தொடங்கிய பின்னரே பரவல் கோப்பு முறைமைக்கு வேலை வருகிறது.

அந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, கோப்புக் களஞ்சியத்திலிருந்து மென்பொருள் பொதிகளை எடுத்து இந்தக் கணினியின் வன்தட்டில் எழுதி, நிறுவலை முடித்துக்கொண்டு விலகுவது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் லாங்கே 1999இல் தொடங்கிய, டெபியன் லினக்ஸுக்கான முழுத் தானியங்கு நிறுவல் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. மனிதர் ஒருவரும் விசையைத் தொடாமல், எந்தக் கணினி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற முன்கூட்டிய விதிகளைக் கொண்டே அது பல கணினிகளை ஒருசேர நிறுவி முடிக்கிறது. மற்றது, எதையும் வன்தட்டில் எழுதாமல், களஞ்சியத்தையே கணினியின் மூல அடைவாகப் பொருத்திக்கொண்டு தொடர்ந்து இயங்குவது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு முறைமை, சுருக்கமாக என்.எவ்.எஸ்., வன்தட்டே இல்லாத பணிநிலையங்களை இவ்வாறு இயக்குவதற்குப் பெரிதும் பயன்பட்டது.

என்.எவ்.எஸ்.இன் தொடக்க வடிவங்களின் அடிப்படைக் கொள்கை, சேவையகம் எதையும் நினைவில் வைத்திருக்காது என்பது. எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று அது பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையானதாக வரும். இதனால் சேவையகம் நின்றுபோய் மீண்டும் எழுந்தால், கணினிகள் தம் வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடும். அழகான தீர்வுதான். ஆனால் இதன் மறுபக்கம், சேவையகம் எழும்வரை அக்கணினிகள் எதுவும் செய்ய முடியாமல் உறைந்து நிற்கும் என்பதே. மூல அடைவே தொலைவில் இருக்கும்போது, ஒரு சிறு கட்டளையைக்கூட வாசிக்க இடமில்லை. மின்வெட்டு முடிந்து இருபது கணினிகளையும் ஒரே நேரத்தில் போடும்போது, இருபதும் ஒரே சேவையகத்தை மொய்ப்பதும் இதன் இயல்பான விளைவு.

இதன் அளவை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒரு முறைமையின் நிறுவல் அளவு 4 ஜிகாபைட் என்று கொண்டால், 20 கணினிகளுக்கு 80 ஜிகாபைட் போக வேண்டும். சேவையகத்தின் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் வேகமுடைய பழைய வலையமைப்பு ஆளியில் இருந்தால், வேறு தடை எதுவும் இல்லாதபோதும் இதற்கு 6,400 நொடி, அதாவது ஒன்றே முக்கால் மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஜிகாபிட் ஆளி என்றால் 11 நிமிடத்துக்குள் முடியும். அதே 80 ஜிகாபைட்டையும் நொடிக்கு 10 மெகாபிட் வேகமுடைய இணைய இணைப்பின் வழியே வெளியூரிலிருந்து கொண்டுவருவதென்றால் கிட்டத்தட்ட 18 மணிநேரம் ஆகும். முதல் பிரதி ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டால், மீதிப் பத்தொன்பது கணினிகளுக்கும் அது வெளியிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லை என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது பிரதி எங்கே இருக்கிறது என்பதுதான்.

பிரதியை அருகில் வைத்துக்கொள்ளும் இந்தச் சிந்தனையை ஒரு முழுமையான வடிவமைப்பாக வளர்த்தெடுத்தது அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1982இல் அப்பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, வளாகத்திலுள்ள ஆயிரக்கணக்கான மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஆளுக்கொரு பணிநிலையம் கிடைக்கும் காலத்தை முன்னிட்டு ஒரு திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரிய அன்ட்ரூ கார்னகி, அன்ட்ரூ மெலன் ஆகிய இருவரையும் நினைவுகூர்ந்து அதற்கு அன்ட்ரூ என்று பெயரிட்டனர். அதன் கோப்பு முறைமையின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1975இல் இளநிலைப் பட்டமும் 1977இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, 1983இல் கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவர் சென்னையில் பயின்ற காலத்தில் அக்கழகத்தின் கணினி மையத்தில் இருந்தது, வளாகம் முழுவதற்கும் பொதுவான ஐ.பி.எம். 370 பெருங்கணினி, ஆளுக்கொரு கணினி என்பது அன்று எட்டாத தொலைவில் இருந்தது.

ஏ.எவ்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் அன்ட்ரூ கோப்பு முறைமையின் முதல் வடிவம், ஒரு கோப்பைத் திறக்கும்போது அக்கோப்பை முழுவதுமாகச் சேவையகத்திலிருந்து எடுத்து, கணினியின் சொந்த வன்தட்டிலுள்ள பதுக்கிடத்தில் வைத்துவிட்டது. அதன்பின் வாசிப்பதும் எழுதுவதும் அந்தப் பிரதியிலேயே நடக்கும். மூடும்போது, மாற்றம் இருந்தால் மட்டும் சேவையகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். இதனால் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பதுக்கிடத்திலுள்ள பிரதி இன்னும் செல்லுமா என்று ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேவையகத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகளே சேவையகத்தை மூச்சுமுட்ட வைத்தன. ஆறு சேவையகங்களும் ஏறத்தாழ நூறு பணிநிலையங்களும் கொண்ட அந்த முன்மாதிரியில், ஒரு சேவையகம் ஏறத்தாழ இருபது பயனர்களுக்கு மேல் தாங்கவில்லை.

இரண்டாம் வடிவில் அவர்கள் செய்த மாற்றம் நுட்பமானது. பிரதியை ஒரு கணினிக்கு வழங்கும்போதே, அக்கோப்பு மாறினால் தான் அறிவிப்பதாகச் சேவையகம் ஒரு வாக்குறுதியையும் சேர்த்துத் தரும். அறிவிப்பு வராதவரை கணினி எதையும் கேட்காமல் தன் பிரதியை நம்பிப் பயன்படுத்தலாம். சங்கக்கடையில் சாமான் வந்ததா என்று ஊரார் ஒவ்வொருவரும் காலையில் நடந்துபோய்க் கேட்டுத் திரும்புவதற்கும், சாமான் வந்தால் சொல்லியனுப்புவதாக முகாமையாளர் பொறுப்பேற்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இந்த மாற்றத்தோடு வேறு சில திருத்தங்களும் சேர, ஒரு சேவையகம் தாங்கும் கணினிகளின் எண்ணிக்கை ஐம்பது அளவுக்கு உயர்ந்தது. 1988இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இவற்றை விரிவாகப் பதிவு செய்தது, ஏ.எவ்.எஸ்.ஐ உருவாக்கியோருக்கு, சத்தியநாராயணன் உட்பட, ஏ.சி.எம். அமைப்பின் 2016ஆம் ஆண்டுக்கான மென்பொருள் முறைமை விருதும் கிடைத்தது.

பணிசெயல் முறைமையை நிறுவுவதற்கு ஏ.எவ்.எஸ். எவ்வாறு உதவியது என்பதில் சுவையான நுட்பங்கள் பல உண்டு. அன்ட்ரூவின் பணிநிலையத்தில், துவங்குவதற்கு இன்றியமையாத சில கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் மட்டுமே சொந்த வன்தட்டில் இருந்தன. கட்டளைகளும் நிரலகங்களும் இருக்க வேண்டிய அடைவுகள், பொதுக் களஞ்சியத்தைச் சுட்டும் வெறும் குறியீட்டு இணைப்புகளாகவே இருந்தன. வேறுவேறு வகைச் செயலிகளைக் கொண்ட கணினிகள் ஒரே வளாகத்தில் இருந்ததால், பாதையின் இடையில் அற்-சிஸ் என்னும் ஒரு குறியை இட்டு வைத்தார்கள். எந்தக் கணினி அப்பாதையைத் திறக்கிறதோ, அதன் வகைப்பெயராக அக்குறி தானே மாறி, அதற்குரிய அடைவுக்கு அழைத்துச் செல்லும். சொந்த வன்தட்டில் இருந்தே ஆகவேண்டிய கோப்புகளுக்கு, பக்கேஜ் என்னும் ஒரு கருவி இருந்தது: கணினி துவங்கும்போது களஞ்சியத்திலுள்ள பட்டியலோடு வன்தட்டை ஒப்பிட்டு, பழையதை மாற்றி, இல்லாததைச் சேர்த்து, கூடுதலாக இருப்பதை நீக்கி, கணினியைக் குறித்த நிலைக்கு அது கொண்டுவந்துவிடும். நிறுவுதல் என்பது ஒருநாளில் முடியும் வேலையாக இல்லாமல், ஒவ்வொரு துவக்கத்திலும் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒரு நிலையாக இவ்வாறு மாறியது. இருபது கணினிகளும் இருபது விதமாகும் சிக்கலுக்கு இதைவிட நேரடியான மருந்து இல்லை.

முறைமையின் முழு மூல அடைவையும் ஏ.எவ்.எஸ்.இல் வைத்துவிட முயன்றால் சில தடைகள் எதிர்ப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் வன்தட்டு, அச்சுப்பொறி போன்ற சாதனங்களும் கோப்புகளாகவே காட்டப்படுகின்றன. அத்தகைய சாதனக் கோப்புகளை ஏ.எவ்.எஸ். ஏற்பதில்லை. ஒரே கோப்புக்கு இரு அடைவுகளில் வன்னிணைப்புப் பெயர்கள் தருவதையும் அது அனுமதிப்பதில்லை. பொதிகளை நிறுவும் நிரல்கள் சில இவ்விரண்டையும் எதிர்பார்க்கின்றன. அணுகல் உரிமையும் கோப்புவாரியாக அன்றி அடைவுவாரியாகவே வழங்கப்படுகிறது. ஆகவே நடைமுறையில், மூல அடைவின் ஒரு சிறு பகுதியை நினைவகத்திலோ சொந்த வன்தட்டிலோ வைத்து, பெரிய பகுதியைக் களஞ்சியத்துக்கு விடும் அன்ட்ரூ வழியே நிலைத்தது.

இன்னொரு தடை சிறியதாகத் தோன்றினாலும் பழைய கணினிகள் உள்ள கூடங்களில் அடிக்கடி எதிர்ப்படக்கூடியது. ஏ.எவ்.எஸ். தன் பயனர்களை அடையாளம் காண்பது, மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் உருவான கெர்பெரொஸ் என்னும் முறையால். கெர்பெரொஸ் வழங்கும் நுழைவுச்சீட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருப்பதால், கணினியின் கடிகாரமும் சேவையகத்தின் கடிகாரமும் வழமையாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அது மறுத்துவிடும். பல ஆண்டுகள் உழைத்த கணினியின் தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் வடிவப் பற்றரி செத்துப்போயிருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அக்கணினியின் நாட்காட்டி பழைய ஓர் ஆண்டுக்குப் போய்விடும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் நுழைய முடியாது, காரணமும் எளிதில் புலப்படாது. துவங்கியவுடன் ஊரிலுள்ள சேவையகத்திடமிருந்தே நேரத்தைப் பெற்றுச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

அறுந்துபோகும் இணைப்புக்கு நேரடியான விடை, 1987இல் சத்தியநாராயணன் தொடங்கிய கோடா என்னும் அடுத்த கோப்பு முறைமையில் கிடைத்தது. ஏ.எவ்.எஸ்.இல் கோப்பின் பிரதி வன்தட்டில் இருந்தபோதும், சேவையகம் எட்டாமற்போனால் வேலை தடைப்பட்டது. பிரதிதான் கையில் இருக்கிறதே, அதைக் கொண்டு ஏன் தொடரக்கூடாது என்று கோடா கேட்டது. ஜேம்ஸ் கிஸ்லரும் சத்தியநாராயணனும் 1991இல் முன்வைத்த தொடர்பற்ற இயக்கம் என்னும் கோட்பாட்டில் மூன்று நிலைகள் உண்டு. இணைப்பு இருக்கும்போதே, பயனர் முன்னுரிமை கொடுத்துக் குறித்துவைத்த கோப்புகளைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சரிபார்த்துச் சேமித்துக்கொள்வது ஒரு நிலை. இணைப்பு அறுந்தபின், பதுக்கிடமே சேவையகத்தின் இடத்தில் நின்று வேலையைத் தொடர்வதும், செய்யப்பட்ட மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொள்வதும் அடுத்தது. இணைப்பு மீண்டதும் அம்மாற்றங்களைச் சேவையகத்தோடு பொருத்துவது இறுதியானது. இவற்றுள் மிகக் கடினமானது இறுதி நிலையே, ஏனெனில் ஒரே கோப்பை இருவர் வெவ்வேறு இடங்களில் மாற்றியிருந்தால், எது செல்லும் என்று தீர்ப்பது எப்போதும் இயந்திரத்தால் முடிகிற காரியமன்று.

பணிசெயல் முறைமையின் கோப்புகளுக்கு ஒரு தனிச் சிறப்பு இருப்பது இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. அவற்றை எழுதுபவர் ஒருவர், வாசிப்பவரோ அனைவரும். மாணவருடைய கட்டுரையையும் பாடசாலையின் புள்ளிப் பதிவையும் பலர் மாற்றக்கூடும். ஆனால் முறைமையின் கட்டளைகளையும் எழுத்துருக்களையும் எந்த மாணவரும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றமே இல்லாதபோது முரண்பாடும் இல்லை. கோடாவின் கடினமான மூன்றாம் நிலை தேவைப்படாமலே, முற்கூட்டிச் சேமிப்பதன் பயன் முழுவதும் கிடைத்துவிடுகிறது. பணிசெயல் முறைமையை வலையமைப்பில் வைப்பது ஆபத்தானது, பயனரின் கோப்புகளை வைப்பதுதான் எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு; உண்மை அதற்கு நேர்மாறானது. அன்ட்ரூவின் வடிவமைப்பாளர்கள் முறைமை நிரல்களை வாசிப்புக்கு மட்டுமான பிரதிகளாகப் பல சேவையகங்களில் வைக்க இடம் தந்ததும் இதே காரணத்தால்தான்: ஒன்று விழுந்தால் மற்றொன்று தரும்.

இந்த உண்மையை மிகப் பெரிய அளவில் நிறுவிக் காட்டியது ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடம். துகள் மோதல்களின் தரவுகளை உலகெங்கும் உள்ள கணினி மையங்களில் ஆராய வேண்டியிருந்ததால் (இந்தியாவில் மும்பையும் கொல்கத்தாவும் அவ்வகை மையங்களைக் கொண்டவை), எல்லா இடத்திலும் ஒரேமாதிரியான மென்பொருள் சூழலைத் தருவதற்கென வாசிப்புக்கு மட்டுமான ஒரு பரவல் கோப்பு முறைமையை அவர்கள் அமைத்தார்கள். அதன்மேல் எழுந்த சேர்ன்விஎம் என்னும் மெய்நிகர் கணினியின் மூன்றாம் பதிப்பில், பயனர் பெற்றுக்கொள்வது லினக்ஸ் கருவும் அந்தக் கோப்பு முறைமையின் நிரலும் மட்டும் அடங்கிய, ஏறத்தாழ 20 மெகாபைட் அளவுள்ள ஒரு சிறு துவக்கப் படிமம். முறைமையின் மீதிப் பகுதிகள் யாவும், தேவைப்படும்போது தேவைப்படும் கோப்பாக வலையமைப்பிலிருந்து வந்து பதுக்கிடத்தில் தங்குகின்றன. ஒரு முறைமையில் உள்ள பல்லாயிரம் கோப்புகளுள் ஒரு நாளின் வேலைக்குத் தொடப்படுவன ஒரு சிறு பங்கே என்பதால், இது பெரும் சிக்கனம். ஒவ்வொரு கோப்பும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட ஓர் எண்ணால் பெயரிடப்படுவதால், வழியில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் ஒத்துவராமல் பிழை உடனே தெரிந்துவிடுகிறது. சாதாரண இணையப் போக்குவரத்தைப்போலவே இக்கோப்புகள் பயணிப்பதால், ஊரிலுள்ள ஓர் இடைச்சேவையகம் அவற்றைச் சேமித்து வைத்து அடுத்த கணினிக்கு அங்கிருந்தே வழங்கிவிடவும் முடியும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, அரியாலையில் உள்ள ஒரு பாடசாலைக் கூடத்துக்கோ சனசமூக நிலையம் ஒன்றின் கணினி அறைக்கோ ஏற்ற அமைப்பு எப்படி இருக்கலாம் என்று கருதிப் பார்க்கலாம். சேவையகம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பது இங்கே பிழையான தெரிவு. அது கூடத்துக்குள்ளேயே, சில நிமிடங்களாவது தாங்கும் பற்றரிக் காப்போடு இருக்க வேண்டும். விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. வாசிப்புக்கு மட்டுமான கோப்புகளைத் தருவதற்கு, போதிய நினைவகமும் ஜிகாபிட் அட்டையும் கொண்ட ஒரு சாதாரண மேசைக் கணினியே போதும். ஏ.எவ்.எஸ்.இன் மூலநிரலை ஐ.பி.எம். நிறுவனம் 2000இல் ஓப்பன் ஏ.எவ்.எஸ். என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டதால், மென்பொருளுக்கும் செலவில்லை. கணினிகளைக் கம்பி வழியே ஆளியோடு இணைக்க வேண்டும், ஏனெனில் பி.எக்ஸ்.ஈ. துவக்கம் வைஃபை வழியே நடப்பதில்லை. தொலைபேசி நிறுவனம் தந்த ரவுற்றர் ஏற்கெனவே முகவரி வழங்கிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டாவது வழங்குநர் ஒன்றைப் போட்டிக்கு நிறுத்தினால் குழப்பமே மிஞ்சும். முகவரியை ரவுற்றரிடமே விட்டுவிட்டு, துவக்கக் கோப்பு எங்கே என்ற செய்தியை மட்டும் தரும் இடைத்தரகர் முறையை டிஎன்எஸ்மாஸ்க் போன்ற இலவச நிரல்கள் தருகின்றன. துவக்கக் கட்டத்தில் கடவுச்சொல் பாதுகாப்பு இல்லாததால், இந்த ஆளியில் வெளியார் எவரும் தம் மடிக்கணினியைச் செருகாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு வன்தட்டு இருந்தால் அதை வீசிவிடாமல் பதுக்கிடமாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வன்தட்டே இல்லாத அமைப்பு பராமரிப்புக்கு எளிது, ஆனால் சேவையகம் நின்றால் எல்லாம் நிற்கும். மின்சாரம் நிலையாக உள்ள நகரத்து அலுவலகத்துக்கு அது பொருந்தலாம், குடாநாட்டின் அனுபவத்துக்கு அது பொருந்தாது. அன்றாடம் வேண்டிய சொற்செயலி, உலாவி, தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு ஆகியவற்றைக் கோடா கற்பித்தபடி முன்னுரிமை கொடுத்துப் பதுக்கிடத்தில் சேர்த்துவைத்தால், சேவையகம் பழுதுபார்க்கப்படும் நாளிலும் வகுப்பு நடக்கும். நகரத்தில் உள்ள இன்னொரு கூடத்தோடு உடன்பட்டு, ஒருவர் களஞ்சியத்தின் பிரதியை மற்றவர் வைத்திருப்பதும் அதிகச் செலவில்லாத காப்பு. இணையம் வேகமில்லாவிட்டாலும், மாறிய கோப்புகளை இரவு நேரத்தில் அனுப்பி முடித்துவிடலாம், அதுவும் முடியாதபோது ஒரு வன்தட்டில் எழுதிச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

அமைப்பு நிலைபெற்ற பிறகு, ஒரு திருத்தம் செய்யும் முறையும் மாறிவிடுகிறது. புதிய எழுத்துரு ஒன்றைச் சேர்க்க விரும்பும் ஆசிரியர், அதனைக் களஞ்சியத்தின் எழுதத்தக்க மூலத் தொகுதியில் ஒரு தடவை இட்டு, ஒரேயொரு கணினியில் அதைச் சோதித்துப் பார்க்கிறார். கூட்டெழுத்துகள் சரியாக வருகின்றன என்று கண்டபின், அத்தொகுதியின் வாசிப்புப் பிரதியை வெளியிடும் ஒரு கட்டளையைக் கொடுக்கிறார். அதுவரை எல்லாக் கணினிகளும் பழைய பிரதியையே ஒருமித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிட்டதும் சேவையகம் தான் தந்த வாக்குறுதிப்படி அறிவிக்க, ஒவ்வொரு கணினியும் மாறிய கோப்பை மட்டும், அதுவும் அடுத்த தடவை அதைத் திறக்கும்போது, எடுத்துக்கொள்கிறது. வெளியிட்டபின் பிழை தெரியவந்தால், மூலத் தொகுதியில் பழைய கோப்பை இட்டு மறுபடி வெளியிட்டால் போதும். அன்று அணைந்து கிடந்த கணினியும் அடுத்து எழும்போது அதையே பெறும்.